வானை ஓடினது ஆர்

றெஜைனா
ஜனவரி 18, 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் போன் பண்ணினால் நீங்கள் எடுக்கிறேல்லை. எங்கடை ஃபிடில்காரி வேரோனிக்கா பண்ணினாலும் இல்லையாம். அதாலை கடதாசியிலை எழுதுறன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு போனது நீங்கள்தான், எழுத்துப் பிழையளுக்கும் நீங்கள்தான் பொறுப்பு. தமிழிலை எழுதினால் நாங்கள் ஊரூராப் போற இந்த பஸ்ஸிலை ஒருத்தருக்கும் வாசிக்கத் தெரியாது எண்டதும் ஒரு காரணம்.

இப்ப ஹொக்கி விளையாடுற அரங்குகளிலை பாடுறம். பெரிய பாட்டுக்காரர் ஒருத்தர் மேடைக்கு வரமுந்தி எங்களுக்கு நாற்பது நிமிஷம். நேற்று ஆறாயிரம் சனம். ஐஸுக்கு மேலை பலகை அடுக்கி மேடை போட்டிருக்கினம், பூட்ஸுக்குள்ளாலை குளிர் ஏறுது. முந்திப் பாடின சட்பரி பாரை யோசிச்சன். ஹொக்கி மட்ச் போகுது, ரிவியை நிப்பாட்டமாட்டன் எண்டு அந்த முதலாளி நிண்டவர். நாங்கள் ரிவிக்குக் கீழை நிண்டு பாடினம். கோல் விழுந்து சனம் கத்த, கஜீவன் அண்ணா தன்ரை ட்றம்ஸுக்குத்தான் கத்தினவை எண்டு நினைச்சு எழும்பிக் கும்பிட்டவர். வெளிப் பலகையிலை 'லோறன்ஸ் ஈஸ்ற்' எண்ட எங்கடை பாண்டின்ரை பேரைப் பிழையா எழுதியிருந்தவை. இப்ப அந்தப் பேர் ஒரு வீட்டளவு உயரத்துக்கு லைற்றிலை வருது. பெட்டியளை நாங்கள் தூக்கிறதில்லை. ஒருக்கா நான் குனிய, மேடை வேலை செய்யிற மனுசி கையைத் தட்டிவிட்டா.

நீங்கள் எழுதின ஸ்னோபிளவ் பாட்டுத்தான் எங்களை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது. ஸ்னோ தள்ளுற லொறிக்குப் பின்னாலை மெள்ள மெள்ள வீட்டை போற ஒரு மனுசன்ரை பாட்டைச் சனம் ஏன் இப்பிடி விரும்புது எண்டு எனக்கு விளங்கேல்லை. றேடியோவிலை நாளுக்கு எத்தினை தரம் போடுகினம் தெரியுமோ?

எழுதினதுக்குக் காரணம் வேறை. பத்திரிகைக்காரி ஒருத்தி எங்களோடை இரண்டு நாள் வரப்போறா. பாரிலை இருந்து அரீனா மட்டும் எண்டு நீட்டா ஒரு கட்டுரை. அதிலை முக்கியமா அவ கேக்கப்போறது 2022 மார்ச் வான் அக்சிடென்றைப் பற்றி. கஜீவன் அண்ணாவின்ரை கால், நீங்கள் பாண்டை விட்டுப் போனது, எல்லாம். எங்கடை மானேஜர் மக்டலீன் நல்ல மனுசிதான், ஆனால் அவவுக்கு அக்சிடென்றும் ஒரு நல்ல செய்தி.

நான் என்ன சொல்ல? மக்டலீன்ரை ஒஃபிஸுக்கு எழுதுங்கோ, உடைக்காமல் எனக்கு அனுப்பி விடுவா.

துவாரகா

•

வெக்ஸ்போர்ட்
ஜனவரி 29, 2025

துவா,

கடிதம் கிடைச்சது. வாசிச்சுப்போட்டுக் குசினித் தொட்டிக்குள்ளை வைச்சு எரிச்சன். நீயும் இதை எரி.

அவ கேட்டால், வானை அண்ணா ஓடினவர், நித்திரையாப் போனார், பேந்து பாண்டை விட்டிட்டார் எண்டு சொல்லு. கோட்ஸிலை நீதவானிட்டை நான் சொன்னதும் அதுதான். கூட ஒரு சொல்லும் வேண்டாம், குறையவும் வேண்டாம். போனிலை இதைப்பற்றி ஒண்டும் எழுதாதை. போன் ஒரு நாளும் ஒண்டையும் மறக்காது.

நான் சுகம். யன்னல் செய்யிற பக்டறியிலை காலமை ஏழு மணி வேலை. சாமான் ஏத்தி றக் ஓடினவனுக்கு ஒரே இடத்திலை நிக்கிறது முதலிலை கஷ்டமா இருந்தது, இப்ப பழகியிட்டுது. ஆறரைக்கு லோறன்ஸ் பஸ்ஸிலை ஏறினால் அரைவாசிச் சனத்தை முகம் தெரியும்.

றெஜைனாவிலை இருந்து கல்கரி மட்டும் ஹைவேயிலை பூட்டியிருக்கிற கமராப் படங்கள் கொம்பியூற்றரிலை வருது. நீங்கள் போன அண்டைக்குக் காத்துப் பலம். உங்கடை பஸ் ஓடுறவர் ஆர்? எத்தினை மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாறுகினம்? கேட்டு எழுது.

கிருபன்

•

கல்கரி
பெப்ரவரி 8, 2025

அண்ணா,

பஸ் ஓடுறவர் இருபத்தெட்டு வருஷம் ஓடினவர். நான் அவருக்குப் பக்கத்திலை போய் இருந்து கதை குடுத்துக்கொண்டு வாறன், அவருக்கு நித்திரை வரக்கூடாது எண்டு. தனக்கு வேலை தெரியும், போய்ப் படு எண்டு என்னைக் கலைக்கிறார். நான் போறதில்லை.

உங்கடை கடிதத்தை நான் எரிக்கேல்லை. ஏன் எரிக்கவேணும்? நீங்கள் அதிலை ஒண்டும் எழுதேல்லையே. எனக்கு எழுதுற கடதாசியிலை கூட நீங்கள் அதைச் சொல்லுறியள் இல்லை. அப்ப நான் எழுதுறன். அந்த வானை ஓடினது நான்.

சட்பரியிலை இரண்டு நாள் பாடிப்போட்டு ஞாயிற்றுக்கிழமை பகல் வெளிக்கிட்டம். வேரோனிக்கா தமக்கையின்ரை காரிலை முதலே போயிட்டா. வானிலை நாங்கள் மூண்டு பேர். நீங்கள் அந்தக் கிழமை றக்கிலை வினிப்பெக்குக்குப் போய் வந்த களை, பற்றோல் ஸ்ரேஷனிலை வான் திறப்பை என்ரை கையிலை தந்து ஓடச்சொன்னியள். கஜீவன் அண்ணா பின்னாலை பெட்டியளுக்கு நடுவிலை காலை நீட்டி நல்ல நித்திரை, ஓடுற ஆள் மாறினது அவருக்குத் தெரியாது. நல்ல வெயில். ஸ்னோவிலை பட்டுக் கண் கூசினது. ஒருக்காக் கண்ணை மூடித் திறந்தன் எண்டுதான் நான் நினைச்சன். திறக்கேக்கை ரோட்டுக்கு வெட்டின கல்மலை முன்னுக்கு நிண்டது. பிறகு கஜீவன் அண்ணா கத்தினது கேட்டது.

நீங்கள் என்னை வெளியிலை இழுத்து எடுத்தியள். தோளைப் பிடிச்சு, "நான்தான் ஓடினனான். விளங்குதோ? நான்தான்" எண்டு சொன்னியள். பத்து நாளிலை ரெக்கோர்ட் கம்பனிக்காரர் எங்களைப் பாக்க வாறதா இருந்தது. "பாட்டுக்காரி இல்லாமல் பாண்ட் இல்லை, கிற்றார் அடிக்க ஆரும் அடிப்பினம்" எண்டும் சொன்னியள். நான் ஓம் எண்டன். இருபத்தொன்பது வயசு எனக்கு. சின்னப்பிள்ளை இல்லை. ஓம் எண்டன்.

உங்கடை லைசென்ஸ் போனது, றக் வேலை போனது. கஜீவன் அண்ணாவின்ரை வலது கால் ட்றம்ஸ் பெடலை மிதிக்காது. உங்களோடை நாலாம் வகுப்பிலை இருந்து திரிஞ்ச மனுசன் உங்களோடை கதைக்கிறதில்லை. நான் லைற்றுக்குக் கீழை நிக்கிறன்.

பத்திரிகைக்காரி வந்தவ. நீங்கள் சொன்னபடியே சொன்னன். கடைசியிலை அவ கேட்டா, "உங்கடை அண்ணாவிலை இப்பவும் கோவமோ?" எண்டு. நான், "இல்லை, மன்னிச்சிட்டன்" எண்டன். என்ரை வாயாலை வந்தது அண்ணா. உங்களை மன்னிச்சிட்டன் எண்டு சொன்னன்.

அண்டையிலை இருந்து ஸ்னோபிளவ் பாட்டிலை இரண்டாவது பகுதி வரேக்கை மூச்சு நிக்குது. சனத்துக்குத் தெரியாது. வேரோனிக்காவுக்குத் தெரியும், அவ ஃபிடிலைக் கொஞ்சம் நீட்டி வாசிச்சு மூடிவிடுறா. ஏன் எண்டு அவ இன்னும் கேக்கேல்லை.

துவா

•

வெக்ஸ்போர்ட்
பெப்ரவரி 20, 2025

துவா,

இப்பிடி ஒரு கடிதம் இனி எழுதாதை. வாசிச்சுப்போட்டு அண்டைக்கு வேலைக்குப் போக ஏலாமல் போச்சுது.

எழுதினதுதான் எழுதினாய், முழுக்க எழுதியிருக்கவேணும். பற்றோல் ஸ்ரேஷனிலை நீ என்ன சொன்னனீ? "அண்ணா எனக்கும் கண் செருகுது" எண்டு சொன்னனீ. நான் என்ன சொன்னனான்? "பறி சவுண்ட் ரவுண் மட்டும் ஓடு, பேந்து நான் எடுக்கிறன்" எண்டு சொல்லிப்போட்டுப் பக்கத்துச் சீற்றைச் சரிச்சுப் படுத்தனான். பதினொரு வருஷம் றக் ஓடினவன். நித்திரை வருது எண்டு சொல்லுற ஆளிட்டைத் திறப்பைக் குடுக்கக்கூடாது எண்டு எனக்குச் சட்டம் படிப்பிச்சிருக்கினம். அப்ப ஆரிலை பிழை? நான் கோட்ஸிலை சொன்னது முழுப்பொய் எண்டு நான் நினைக்கேல்லை.

மன்னிச்சிட்டன் எண்டு சொன்னதைப் பற்றி யோசியாதை. அந்தக் கேள்விக்கு வேறை என்ன சொல்லுறது.

போன சனிக்கிழமை மில்லிக்கன் பிளாசாவிலை கஜீவனைக் கண்டன். மீன்கடையிலை இருந்து வந்தவன். ஒரு கையிலை தடி, மற்றக் கையிலை பை, பின்னாலை அவன்ரை மனுசி மகளைத் தூக்கிக்கொண்டு. பிள்ளைக்கு அவன்ரை நெத்தி. கார் நிப்பாட்டுற இடத்திலை ஐஸ், அவன் ஒவ்வொரு அடியா வைச்சுப் போறான். ஓடிப்போய்ப் பையை வாங்கவேணும் போலை கால் துடிச்சது. அவன் என்னைக் கண்டவன். காணாத மாதிரிப் போனவன்.

அவனுக்குக் கோவிக்க ஒரு ஆள் வேணும். அந்த ஆள் நானா இருக்கிறன். அது சரியாத்தான் போகுது. குழப்பாதை.

தண்ணி நிறையக் குடி. மூச்சு நிக்குது எண்டால் டொக்ரரிட்டைப் போ.

கிருபன்

•

ஹலிஃபக்ஸ்
ஏப்ரல் 3, 2025

அண்ணா,

கட்டுரை வந்திட்டுது. பாத்திருப்பியள். பாக்காட்டி ஒரு வசனம் மட்டும் எழுதுறன். பத்திரிகைக்காரி கஜீவன் அண்ணாவிட்டையும் போயிருக்கிறா. அவர் சொல்லியிருக்கிறார்: "துவாரகா பாடுறதை றேடியோவிலை கேக்கேக்கை எனக்குச் சந்தோஷம். அவளும் என்னைப்போலை பாதிக்கப்பட்டவள். வானை ஓடினவனை மட்டும் என்னாலை மன்னிக்க ஏலாமல் கிடக்கு."

இதை நான் விமானத்திலை இருந்து வாசிச்சன். சீற் பெல்ற்றைக் கழட்டி எழும்பி நிண்டிட்டன், எங்கை போறதெண்டு தெரியாமல். வேரோனிக்கா பிடிச்சு இருத்தினா.

மற்றது, ரொறொன்ரோவிலை ஜூன் பதினாலு, எங்கடை சொந்த ஷோ. மற்றவருக்கு முன்னாலை நாற்பது நிமிஷம் இல்லை, எங்கடை பேரிலை, ஏரிக்கரைப் பக்கத்துப் பெரிய அரங்கிலை. ரிக்கெற் முழுக்க வித்திட்டுது. மக்டலீன் அழுதா.

கஜீவன் அண்ணாவுக்குச் சொல்லப்போறன். உங்களிட்டைக் கேக்கேல்லை, சொல்லுறன்.

துவா

•

வெக்ஸ்போர்ட்
ஏப்ரல் 9, 2025

துவா,

மூண்டு தரம் எழுதிக் கிழிச்சுப்போட்டன். இது நாலாவது. சொல்லாதை.

பொலிசுக்குப் பொய் சொன்னது இரண்டு பேரும். அது சின்ன விஷயம் இல்லை. அமெரிக்க எல்லை தாண்டிப் பாட விடுவாங்களோ தெரியாது. வேரோனிக்காவின்ரை பிழைப்பு, புது ட்றம்ஸ்காரன்ரை பிழைப்பு, மக்டலீன், பெட்டி தூக்கிற சனம், எல்லாரும் உன்ரை தொண்டையிலை தொங்குகினம். ஒன்பது வருஷம், மாதத்துக்கு நாலு பார், சாப்பாட்டுக் கடை மூலையிலை ஃபிறிஜ்ஜுக்குப் பக்கத்திலை நிண்டு பாடினது எல்லாம் ஒரு பின்னேரக் கதையோடை போயிடும்.

இதை எழுதி வைச்சுப்போட்டு இரண்டு நாளா மேசையிலை விட்டிருந்தன். மேலை எழுதினதெல்லாம் உண்மைதான், ஆனால் என்ரை பயம் அது இல்லை. சொல்லுறன்.

காலமை பஸ் பிடிச்சு, யன்னல் பூட்டி, பின்னேரம் வந்து சமைச்சுச் சாப்பிட்டுப் படுக்கிற நான் ஆர்? தங்கச்சிக்காகத் தன்னைக் குடுத்தவன். வேறை ஒருத்தருக்கும் தெரியாட்டிலும் எனக்குத் தெரியும். அதை வைச்சுத்தான் மூண்டு வருஷம் ஓடினது. நீ போய்ச் சொன்னால் நான் சிநேகிதனுக்குப் பொய் சொன்ன ஒருத்தன், அவ்வளவுதான்.

இன்னுமொண்டு. பாண்டை விட்டது எனக்கு ஆறுதலா இருந்தது. நாற்பது பேருக்கு முன்னாலை நிக்கவே எனக்கு வயித்தைக் கலக்கும், நீங்கள் கண்டதில்லை, நான் முதலே கக்கூசுக்குப் போய்ச் சத்தி எடுத்துப்போட்டு வருவன். றக்குக்குள்ளை தனிய இருந்து பாட்டுக் கட்டுறதுதான் எனக்குச் சரி. ரெக்கோர்ட் கம்பனி வருது எண்டு கேட்ட நாளிலை இருந்து எப்பிடி விலகுறது எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனான். ரோட்டிலை உன்னைப் பிடிச்சு நான்தான் எண்டு சொல்லேக்கை அதுவும் எனக்குள்ளை இருந்தது. நீ என்னைப் பெரிய ஆளா நினைச்சு உன்னை வருத்திறாய். அவ்வளவு பெரிசில்லை.

இப்ப எல்லாம் சொல்லிப்போட்டன். இனியாவது கேள். சொல்லாதை.

கிருபன்

•

ரொறொன்ரோ, ஹோட்டலிலை இருந்து
மே 12, 2025

அண்ணா,

நேற்று உங்கடை கதவிலை பத்து நிமிஷம் தட்டினன். உள்ளை ரிவி சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நிண்டது. சரி. ஒரே ஊரிலை இருந்துகொண்டு தபாலிலை போடுறன்.

போன வியாழக்கிழமை மில்லிக்கனுக்குப் போனன். கஜீவன் அண்ணாவின்ரை மனுசி அனுபமாவை எனக்கு முந்திப் பழக்கமில்லை, கோயம்புத்தூர்ப் பிள்ளை. "வாங்க, உக்காருங்க, உங்க பாட்டுதான் எங்க பாப்பாவுக்குத் தாலாட்டு" எண்டு சொல்லித் தேத்தண்ணி போடப் போனா. நான் அவ வரமுந்தியே சொல்லிப்போட்டன். வழியிலை எவ்வளவோ யோசிச்சுக்கொண்டு போனது, வாயிலை வந்தது ஒரு வசனம்தான். "கஜீவன் அண்ணா, வானை ஓடினது நான். கிருபன் அண்ணா இல்லை."

அவர் சிரிச்சார். பகிடி எண்டு நினைச்சிருக்கிறார். பேந்து என்ரை முகத்தைப் பாத்தார்.

"ஆருக்குத் தெரியும்?"

"எங்கள் இரண்டு பேருக்கும்தான்."

"எத்தினை வருஷம்?"

அவருக்குத் தெரியாத கணக்கே? ஆனால் கேட்டார். நான் சொன்னன், மூண்டு வருஷம் இரண்டு மாதம்.

"நீ ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு நாளும் வந்தனீ. எனக்குத் தோடம்பழம் உரிச்சுத் தந்தனீ. நான் கிருபனைத் திட்டத் திட்டக் கேட்டுக்கொண்டு இருந்தனீ. ஒருக்கா நீயும் சேர்ந்து அழுதாய்."

"ஓம்."

"மூண்டு வருஷம் நான் பிழையான ஆளோடை கோவிச்சுக்கொண்டு இருந்திருக்கிறன்."

கத்தியிருந்தால் எனக்குச் சுகமா இருந்திருக்கும். அவர் மெல்லத்தான் கதைச்சார். காலைக் கையாலை தூக்கி முக்காலியிலை வைச்சார். வைச்சுப்போட்டு, "ட்றம்ஸ் பெட்டியளை விக்காமல் நிலக்கீழ் அறையிலை வைச்சிருக்கிறன். நீங்கள் இரண்டு பேரும் அதுக்கு மேலை ஏறி நிண்டிருக்கிறியள்" எண்டார். அனுபமா தட்டோடை நிண்டா, எவ்வளவு கேட்டாவோ தெரியாது. "நீங்க கிளம்புங்க, ப்ளீஸ்" எண்டா. நான் சப்பாத்தைப் போடேக்கை அவர் உள்ளுக்கு இருந்து சொன்னார்: "பொலிசிட்டையும் நீயே சொல்லு. நான் சொல்லிக்குடுக்கமாட்டன். ஆனால் ஆரும் கேட்டால் மறைக்கவும் மாட்டன்."

காருக்குள்ளை ஒரு மணித்தியாலம் இருந்தன்.

மக்டலீனுக்கும் சொல்லிப்போட்டன். அவ கடதாசி ஒண்டை எடுத்து, எனக்கொரு லோயர், பாண்டுக்கொரு லோயர் எண்டு எழுதத் தொடங்கினா. ஷோ நடக்குமோ தெரியாது.

உங்கடை கடிதத்தைத் திருப்பித் திருப்பி வாசிச்சன். நீங்கள் மேடைக்குப் போகமுந்தி சத்தி எடுக்கிறது எனக்குத் தெரியும். எனக்கு இருபது வயசிலை இருந்து தெரியும். நான் வெளியிலை நிண்டு ஒருத்தரும் உள்ளை போகாமல் பாத்துக்கொள்ளுவன். அதை நான் உங்களுக்குச் சொல்லேல்லை, நீங்கள் வெக்கப்படுவியள் எண்டு. எங்கடை வீட்டிலை எல்லாரும் இப்பிடித்தான் போலை.

துவா

•

வெக்ஸ்போர்ட்
மே 21, 2025

துவா,

கதவைத் திறக்காததுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. திறந்திருந்தால் கைநீட்டியிருப்பன். நீ சொல்லுறதெண்டு நிண்டதிலை அவ்வளவு கோவம்.

ஞாயிற்றுக்கிழமை பகல் திரும்பக் கதவிலை தட்டுச் சத்தம். நீ எண்டு நினைச்சுச் சும்மா இருந்தன். பேந்தும் தட்டு, தடியாலை தட்டுற மாதிரி. போய்த் திறக்க கஜீவன். எங்கடை லிஃப்ற் மூண்டு நாளா வேலை செய்யேல்லை. ஏழு மாடியும் அந்தக் காலோடை ஏறி வந்திருக்கிறான். போட்ட சேட் வேர்வையிலை நனைஞ்சு ஒட்டியிருக்கு, மூச்சு வாங்கிறான், கதைக்க ஏலாமல் சுவரிலை சாஞ்சு நிக்கிறான்.

"தண்ணி தா" எண்டான். மூண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் கதை.

குடிச்சான். இன்னொரு கிளாஸும் குடிச்சான். கதிரையிலை இருந்து வீட்டைச் சுத்திப் பாத்தான். சுவரிலை ஒண்டும் இல்லை, பாக்க ஒண்டும் இல்லை. பேந்து சொன்னான்: "காலுக்காக நான் உன்னோடை கோவிக்கேல்லை. ஓடுற எவனும் நித்திரையாவான். நீ ஆஸ்பத்திரிக்கு வரேல்லை. ஒரு நாள் கூட வரேல்லை. அதுக்குத்தான்."

"உன்ரை முகத்தைப் பாத்துப் பொய் சொல்ல ஏலாதடா."

"சொல்லாமல் விட்டிருக்கலாம். ஒண்டும் சொல்லாமல் சும்மா வந்து பக்கத்திலை இருந்திருக்கலாம்."

எனக்கு அது ஒரு நாளும் யோசனைக்கு வரேல்லை துவா. சத்தியமா வரேல்லை. பொய்யைச் சரியாக் காப்பாத்த வேணும், அதுக்கு ஆக்களைக் காணாமல் இருக்கவேணும், இந்த இரண்டும்தான் மண்டைக்குள்ளை நிண்டது.

உன்னைப்பற்றி ஒண்டும் கதைக்கேல்லை அவன். இறங்கேக்கை என்ரை தோளிலை கையைப் போட்டுத்தான் இறங்கினான். ஏழு மாடிக்கும் அரை மணித்தியாலம் எடுத்தது. நாலாம் மாடிப் படியிலை குந்திக் களைப்பாறினம். "உன்ரை ஸ்னோபிளவ் பாட்டுக்குப் புதுப் பெடியன் அடிக்கிறது வேகம் கூட" எண்டான். எனக்கும் அப்பிடித்தான் பட்டது எண்டன்.

உன்னிலை கோவம் இன்னும் போகேல்லை. ஆனால் அண்டைக்கு நல்லா நித்திரை கொண்டன்.

பொலிசுக்கு எப்ப போறாய்? நானும் போகவேணும். அந்தப் பொய் வாக்குமூலத்திலை இருக்கிற கையெழுத்து என்ரை.

கிருபன்

•

ரொறொன்ரோ
ஜூன் 12, 2025

அண்ணா,

திங்கட்கிழமை லோயரோடை பறி சவுண்டுக்குப் போய்ச் சொல்லிப்போட்டு வந்திட்டன். ஒரு சின்ன அறை, ஒரு பொம்பிளைப் பொலிஸ், மரியாதையாக் கேட்டா. அக்சிடென்ற் கேஸை இனித் திருப்பி எடுப்பினமோ தெரியாதாம். பொய் சொன்னதுக்கு வழக்கு வருமாம், உங்களுக்கும். லோயர் சொல்லச் சொல்லத் தலையாட்டினன், ஒண்டும் உள்ளை போகேல்லை.

வானை ஓடினது நான் எண்டு நேற்று மக்டலீன் பத்திரிகையளுக்கு அறிவிச்சா. அமெரிக்கப் பயணத்திலை இருந்து எங்களை எடுத்திட்டினம். இரண்டு றேடியோ பாட்டை நிப்பாட்டியிருக்கு. இரண்டாயிரம் பேருக்குக் கிட்ட ரிக்கெற்றைத் திருப்பிக் குடுத்திட்டினம். இன்ரர்நெற்றிலை என்ன எழுதுகினம் எண்டு பாக்கவேண்டாம் எண்டு வேரோனிக்கா என்ரை போனை வாங்கி வைச்சிருக்கிறா. அவவுக்கு நான் முதலே சொன்னனான், இரண்டு நாள் என்னோடை கதைக்கேல்லை. மூண்டாம் நாள் வந்து, "இரண்டாவது பகுதியிலை நீ ஏன் நிக்கிறனீ எண்டு இப்பதான் விளங்குது" எண்டா. அவ்வளவுதான்.

நாளையிண்டைக்கு ஷோ. நடக்குது. சனம் கூவுமோ, முதுகைக் காட்டிக்கொண்டு எழும்பிப் போகுமோ தெரியாது. கூவினால் நிண்டு கேக்கிறதெண்டு முடிவெடுத்திருக்கிறன். உங்களுக்கு ரிக்கெற் அனுப்பேல்லை. வாங்கோ எண்டு கேக்கவும் இல்லை.

துவா

•

வெக்ஸ்போர்ட்
ஜூன் 17, 2025

துவா,

வந்தனான். நானே வாங்கின ரிக்கெற், ஆக மேலை, கூரைக்குக் கிட்ட. அங்கை இருந்து பாக்க மேடை ஒரு தீப்பெட்டி அளவு, நீ அதுக்குள்ளை ஒரு குச்சி.

பக்கத்திலை ஒரு புருஷன் பெண்சாதி, ஓஷவாக்காரர். "இவள்தான் பொலிசுக்குப் பொய் சொன்னவள்" எண்டு அந்த மனுசி புருஷனுக்குச் சொன்னா. அதைப் பொய் எண்டு சொல்ல ஏலாதுதானே. ஆனால் வந்திருந்தா. ரிக்கெற்றைத் திருப்பிக் குடுக்கேல்லை.

நீ வந்து நிண்டபோது ஒரு பக்கத்திலை இருந்து கூவினவை, கேட்டிருப்பாய். நீ அசையேல்லை. பேந்து மைக்கைப் பிடிச்சு, "இந்தப் பாட்டை எழுதினது என்ரை அண்ணா. வானை ஓடினது நான். கஜீவன் எண்ட ட்றம்ஸ்காரன் இல்லாமல் இந்த பாண்ட் தொடங்கியிராது" எண்டு மூண்டு வசனம் சொன்னாய். மன்னிப்புக் கேக்கேல்லை, அழேல்லை. எனக்கு அது சரியாப் பட்டது.

இரண்டாவது பகுதியிலை நீ நிண்டிட்டாய். வேரோனிக்கா அதே இடத்தைத் திருப்பி வாசிச்சா, திருப்பியும் வாசிச்சா. பக்கத்து மனுசி, "மறந்திட்டாள்" எண்டா. நான் தாளத்தை எண்ணிக்கொண்டு இருந்தன், பதினாறு எண்ணினன், என்ரை கை அந்த மனுசியின்ரை கதிரைப் பிடியிலை இறுகியிருந்ததை அவ சொல்லித்தான் கண்டன். பிறகு நீ தொடங்கினாய். நான் எழுதினதிலும் பார்க்க மெதுவா. ஒரு மனுசன் நிறைய ஸ்னோவுக்குள்ளை உண்மையா எவ்வளவு மெதுவாப் போவானோ அவ்வளவு மெதுவா. ட்றம்ஸ்காரனும் உனக்காகப் பின்னுக்கு வந்தான். அந்தப் பாட்டு அப்பிடித்தான் இருக்கவேணும், எழுதின எனக்கே அண்டைக்குத்தான் தெரிஞ்சுது.

முடிய எல்லாரும் எழும்பினவை. எல்லாரும் இல்லை, நிறையப் பேர். நான் எழும்பேல்லை. கதிரையிலை இருந்தபடி அந்த மெதுவான தாளத்தைத் திரும்ப எண்ணிப் பாத்தன்.

கஜீவன் வரேல்லை. இன்னொருத்தன் தன்ரை இடத்திலை இருந்து அடிக்கிறதை நேரை பாக்க ஏலாது எண்டவன். நேற்றுத் தன்ரை வீட்டுச் சோபாவை நிலக்கீழ் அறைக்கு இறக்க என்னைக் கூப்பிட்டவன். இறக்கினம். ட்றம்ஸ் பெட்டியளைத் தள்ளித்தான் இடம் எடுக்கவேண்டி வந்தது. உன்னோடை கதைக்கிறதைப் பற்றி அவன் ஒண்டும் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை. நீ பொறுத்திருக்கவேண்டி வரும். எவ்வளவு காலம் எண்டு எனக்குத் தெரியாது. அவன் கதைக்க வராமலும் விடலாம்.

எனக்கும் இப்ப லோயர் இருக்கிறார். நாளைக்குப் பத்து மணிக்குப் பொலிசுக்குப் போய் உண்மையைச் சொல்லி, நிபந்தனைக் கடதாசியிலை கையெழுத்து வைக்கவேணும். வைச்ச பிறகு வழக்கு முடியுமட்டும் நானும் நீயும் ஒருத்தரோடை ஒருத்தர் கதைக்கவோ எழுதவோ கூடாதாம். ஒரு வருஷம் எடுக்கலாம் எண்டார். உனக்கும் உன்ரை லோயர் அதைத்தான் சொல்லியிருப்பார். இன்னும் நான் கையெழுத்து வைக்கேல்லை, அதாலை இதை இண்டைக்குப் பின்னேரமே தபாலிலை போடுறன்.

கோட்ஸ் வாசலிலை என்னைக் காணுவாய். நான் உன்னைப் பாக்காமல், கதைக்காமல் போவன். கோவம் எண்டு நினையாதை.

அண்ணா